பேன்ட் மடிப்பு சொன்ன பொய்

பேன்ட் தைக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அரை இஞ்சு அக்கா கடை என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். முப்பத்தோரு வருஷமாக அரை இஞ்சுக்காகச் சண்டை போட்டுச் சம்பாதித்த பெயர் அது. "பரவாயில்லக்கா, விடுங்க" என்று தைக்கக் கொடுத்தவரே சொன்னாலும் அவள் விடமாட்டாள். பிரித்து, மறுபடி தைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்த ஆள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடும்வரை விடமாட்டாள்.

நின்றுகொண்டே துணி வெட்டுகிற வேலை. சேலை தடுக்கிறது என்று அவள் போடுவதும் தான் தைத்த பேன்ட்தான், காலில் ஷூ. ஐம்பத்தேழு வயதில் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நகர முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டு, அதன் கழுத்தில் ஓர் உருண்டை, உருண்டை உட்கார இடுப்பில் ஒரு கிண்ணம். டாக்டர் கைதேர்ந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. மறுநாளே எழுந்து நிற்க வைத்தார். பழைய வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் நின்ற முதல் நிமிஷமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர், வலது கால் நீளமா இருக்கு."

"புதுசுல அப்படித்தான் தோணும்மா. தசை இறுக்கம். ஆறு மாசத்துல சரியாயிடும்."

ஆறு மாதம் போனது. இடுப்பு வலி காலி செய்த இடத்துக்கு மேலே குடிவந்ததுபோல முதுகு வலி வந்தது. மேசை முன் அரை மணி நேரம் நின்றால் போதும், உயிர் போகும். நல்ல கோட்டுத் துணி ஒன்றைக் கோணலாக வெட்டிவிட்டு, அன்று முழுக்கக் கத்தரியைத் தொடவில்லை. உட்கார்ந்து பித்தான் தைக்கலாம், உட்கார்ந்து துணி வெட்ட முடியாது. வெட்டுகிற வேலை போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

ஒரு மதியம் கடைக் கதவைச் சாத்திவிட்டு வெட்டு மேசைமேல் மல்லாந்து படுத்தாள். "டேப்பை எடும்மா" என்றாள் மருமகளிடம். இடுப்பெலும்பின் முனையிலிருந்து உள் கணுக்கால் வரை, இரண்டு காலையும் மூன்று தடவை அளக்கச் சொன்னாள்.

"முக்கால் இஞ்சு வித்தியாசம் அத்தை. வலதுதான் பெருசு."

"தோணுதாம்ல, தோணுது" என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

ஒரு வருஷப் பரிசோதனைக்குப் போகும்போது இந்தத் தடவை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். பழைய வலி இருக்கிறதா, படி ஏற முடிகிறதா, தானே ஷூ மாட்ட முடிகிறதா. கால் சமமா என்ற கேள்வி அதில் கிடையாது. மதிப்பெண்ணைக் கூட்டி, கடைசிக் கட்டத்தில் 'விளைவு: மிக நன்று' என்று எழுதினாள். முதுகு முறிந்துகொண்டிருக்கிறது, விளைவு மிக நன்றாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போய், அளந்து பார்த்த கதையைச் சொன்னாள். டாக்டர் நாற்காலியைவிட்டு எழவில்லை. நேராக நிற்கச் சொல்லி, அவள் காலடியைப் பார்த்தார்.

"பாருங்கம்மா, ரெண்டு பேன்ட் மடிப்பும் ஷூமேல ஒரே மாதிரி உக்காந்திருக்கு. கால்ல வித்தியாசம் இருந்தா ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்காதா? நீங்களே டெய்லர், உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா குனிந்து பார்த்தாள். அந்த மடிப்பை வைத்தவளே அவள்தான். மேலே தூக்கிக்கொண்டு நின்ற வலது பக்கத்தை, அரை இஞ்சு அக்காவே கோணல் பேன்ட் போட்டுக்கொண்டு ஊருக்குள் போவதா என்று முக்கால் இஞ்சு இறக்கித் தைத்திருந்தாள். அந்தத் தையலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் டாக்டரைத் திட்டினாள். கடைக்குள் நுழையும்போதுதான் டிரைவர் அண்ணன் நினைவுக்கு வந்தார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். இரண்டு வருஷம் முன்னால் அதே ஆஸ்பத்திரியில் இடது இடுப்பு மாற்றிக்கொண்டு, பேன்ட் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது என்று வந்தவர். கால் நீளமாகிவிட்டது என்றுதான் அவரும் சொன்னார். அதற்கு அக்கா என்ன சொன்னாள்? "காலு எங்கயாவது வளருமாண்ணே? கோணலா நின்னுக்கிட்டு என் தையல குறை சொல்லாதீங்க. நேரா நில்லுங்க." சொல்லிவிட்டு, இடது பக்கத்தை அரை இஞ்சு இறக்கி அழகாக முடித்துக் கொடுத்தாள். அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் பரிசோதனைக்குப் போயிருப்பார்.

அளவு நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளிடம் தைக்கிறவர்களில் இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேருக்கு, முன்பு ஒன்றாக இருந்த இரண்டு கால் அளவும் பின்னால் வேறு வேறாக இருந்தது. ஆறு பேருக்கும் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே, 'நிற்பது கோணல்'. டாக்டராவது வேண்டாத வேலை என்று அளக்காமல் விட்டார். இவள் அளந்து, தெரிந்து, மூடியும் வைத்திருக்கிறாள். அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம் எரிந்தது.

மறு வாரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனாள். வலது பக்கம் ஷூவைத் தொடாமல் மேலே ஏறி நின்றது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவை நீங்க பாத்தது என் கால இல்ல டாக்டர், என் தையல. இப்ப எக்ஸ்ரேய எடுத்து, கோடு போட்டு அளங்க."

அளந்தார். பதினெட்டு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதே முக்கால் இஞ்சு. பழைய ஆபரேஷன் குறிப்பை எடுத்துப் புரட்டினார்.

"தசை தளர்வா இருந்துச்சும்மா. உருண்டை கழண்டுடக் கூடாதுன்னுதான் கொஞ்சம் நீளமான கழுத்து வச்சோம். கழண்டா மறுபடி ஆபரேஷன். அதுக்கு இது மேல்."

"இருக்கட்டும். அத அன்னிக்கே சொல்லியிருந்தா, நானும் சரின்னிருப்பேன். ஒரு வருஷமா எனக்குத் தோணுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன பேரு?"

டாக்டர் அவளுடைய போன தடவைப் படிவத்தைத் தேடி எடுத்தார்.

"எழுதுங்க" என்றாள். 'மிக நன்று' என்பதை அடித்துவிட்டு, 'வலது கால் 18 மி.மீ. நீளம்' என்று எழுதினார். இடது ஷூவுக்குள் வைக்கத் தடிமனான அட்டைக்கும் சீட்டுக் கொடுத்தார். அக்கா நோட்டை மேசைமேல் வைத்தாள். "இன்னும் ஆறு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரா அனுப்புறேன். பேன்ட்டப் பாக்காதீங்க."

அங்கிருந்து நேராக டிரைவர் வீட்டுக்குப் போனாள். அவள் இறக்கித் தைத்துக் கொடுத்த அதே பேன்ட்டோடு ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நடக்கப் போவதையே விட்டுவிட்டாராம்.

"டாக்டரும் சமமா இருக்குன்னாரு, நீயும் கோணலா நிக்கிறேன்னே. சரி, தப்பு நம்ம மேலதான்னு இருந்துட்டேன் தங்கச்சி."

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். அவர் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு தன் தையலைப் பிரித்தாள். பழையபடி அரை இஞ்சு ஏற்றி ஊசி குத்தினாள். "எந்திரிங்கண்ணே."

எழுந்தவர், பழக்க தோஷத்தில் இடது முழங்காலை லேசாக மடக்கி உடம்பைச் சமமாக்கப் பார்த்தார்.

"மடக்காதீங்க. விடுங்க, எப்படி வருதோ அப்படி நில்லுங்க."

நின்றார். இடது பக்கம் அரை இஞ்சு ஏறி நின்றது. அக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏறி நின்ற மடிப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கும் நீங்க நேராத்தாண்ணே நின்னீங்க."