ஆண்கள் குரலுக்கு வாங்கிய மிருதங்கம்

"…உங்க மத்தளத்துக்குத் தக்கன எங்க தொண்டைய எம்புட்டுத்தான் எறக்கச் சொல்றீக, தம்பி? எறங்கி எறங்கிக் கெணத்துக்குள்ளயே போயிட்டோம்" என்றார் அந்த அக்கா.

அவர் ஒன்று சொன்னால் ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் பிடிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சோழவந்தான் பக்கத்து எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வாத்தியம் வருமுன்னே ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அவர் முதல் அடியைத் தொடங்கினால் பெண்கள் பக்கம் மொத்தமும் பிடித்துக்கொள்ளும். ஆண்கள் பின்னால் முனகிக்கொண்டு வருவோம். அதைச் சீர்படுத்துகிறேன் என்றுதான் நான் யாரிடமும் போகாமல் பிடில் பழகினேன். ஆர்மோனியத்துக்கு ஒருவரையும் மிருதங்கத்துக்கு என் மைத்துனரையும் சேர்த்தேன். மதுரைக் கடையில் நாங்கள் மூவரும் பாடிப் பார்த்து, எங்கள் குரலோடு சேர்கிற மிருதங்கத்தை எடுத்துவந்தோம். ஒரு பெண்ணையும் அழைத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் சுருதியைக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம்; பெண்கள் குரல்வரை ஏற்றினால் தோல் கிழிந்துவிடும். ஆறே மாதத்தில் பெண்கள் பக்கம் வாயசைப்போடு நின்றுவிட்டது.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

"இன்னைக்கு ஒரு நா மட்டும் அத ஓரமா வைங்க. பிடிலு எங்க கூட வரட்டும். வெளஞ்சதுக்கு நாங்களும் வாய் தொறந்து பாடணும்ல?" என்றார் அக்கா.

மைத்துனர் மிருதங்கத்தை மடியோடு அணைத்துக்கொண்டார். "அப்ப நான் எதுக்கு மாப்ள? வந்தவுகளுக்கு விசிறி வீசவா?"

மதுரையிலிருந்து வந்திருந்த பாதிரியார் எங்கள் வாத்தியத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார். அக்கா கேட்பது நியாயம் என்பதும் எனக்குத் தெரியும்.

"இன்னைக்கு வேணாக்கா. அடுத்த வாரம் பாப்போம்" என்றேன்.

"போன வாரமும் அடுத்த வாரம்னுதான் சொன்னீக."

அக்கா பெண்கள் பக்கம் போய், உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலுக்கு எதிரே பூவரசு நிழலில் விரித்து, நடுவில் உட்கார்ந்து, தன் சுருதியில் பாட்டை எடுத்தார்.