அழாத பிள்ளைக்குச் சங்கில் பால்

என் மகளை எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி முழுக்க அவளைப் போல நல்ல பிள்ளை கிடையாது என்று பெயர் வாங்கிவிட்டாள். பசித்தாலும் அழமாட்டாள், நனைந்தாலும் அழமாட்டாள். குளிப்பாட்டும்போது மூக்கால் லேசாக ஒரு முனகல் வரும், அதோடு சரி.

மூத்தவன் பிறந்தபோது அழுத அழுகையில் எதிர்வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டி, வயிற்றில் தடவ எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் இந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம், "குடுத்து வச்சவ நீ" என்றார்கள். முதல் சில நாள் நானும் அதை நம்பினேன். நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என்னைக் கவனித்துக்கொள்ள வந்தவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிறையில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைப்பவர், எனக்காக ஒரு மாதம் லீவு போட்டிருந்தார். நாலு பிள்ளை பெற்றவர் என்பதால் பிள்ளை விஷயத்தில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பிள்ளை என் மார்பில் வாயை வைத்தபடியே தூங்கிப்போனாள். கன்னத்தைத் தட்டினேன், பாதத்தைச் சுரண்டினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். அசையவில்லை.

"ஆப்பரேஷன் பிள்ளை, மயக்கம் தெளியலை லா. இரு," என்று அண்ணி உள்ளே போய், தன் கடைசிப் பிள்ளைக்குப் பால் புகட்டிய சங்கைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை அதில் ஊற்றி, பிள்ளையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பால் இறங்கியது. "பாத்தியா? பிள்ளைக்குக் குடிக்கத் தெரியுது. உனக்குத்தான் குடுக்கத் தெரியல."

அந்தச் சங்குதான் எங்களை ஏமாற்றியது. எங்கள் வீடுகளில் சங்கில் பால் கொடுப்பதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை, அது செல்லம். இந்தப் பிள்ளைக்கு உறிஞ்சும் பலமே இல்லை என்பது அந்தச் செல்லத்தில் மறைந்துவிட்டது.

கிளினிக்கிலிருந்து, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது மலாய்ப் பெண், நல்ல சிரிப்பு. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்த்தார், எடை போட்டார், பால் குடிக்கிறாளா என்று கேட்டார். அண்ணி முந்திக்கொண்டு குடிக்கிறாள் என்றார். பொய் இல்லையே. நான் பேச வாய் திறந்தேன். அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் தொட்டிலுக்குப் போகத் தோன்றும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப்புகளைப் பரிசோதிப்பது என் வேலை. கண்ணுக்கே தெரியாத கீறலாக இருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். அந்தக் கண்ணை என் வீட்டுத் தொட்டிலில் திறக்கப் பயந்தேன். திறக்காமலும் இருக்க முடியவில்லை.

கையைத் தூக்கிவிட்டால் பொத்தென்று விழுந்தது. கால்கள் இரண்டும் தவளைக்கால் போல அகன்று கிடந்தன. மேலுதடு மெல்லியதாக, கோடு இழுத்தது மாதிரி இருந்தது. மூத்தவன் இதே வயதில் போட்ட காலுறை இவளுக்குக் கழன்று கழன்று விழுந்தது. பெண் பிள்ளை, சின்னதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாங்க, இவ அழவே மாட்டேங்கிறாளே," என்று கணவரிடம் சொன்னேன்.

"அழாமலே குடிக்குது, அதுக்கும் குறையா? சும்மா இரு லா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கையிலிருந்த துணியை அவர்மேல் எறிந்தேன்.

இருபதாம் நாள் வேறொரு மிஸ்ஸி வந்தார். ஓய்வு பெறும் வயது, சிரிப்பே கிடையாது. பிள்ளையின் துணியை எல்லாம் கழற்றினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார், பிள்ளை அவர் கையிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு போனாள். பிறகு, என் முன்னால் பால் கொடு என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொடுத்தேன். பிள்ளை வாய் திறந்தபடி தூங்கினாள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் குடுக்கணும் மிஸ்ஸி," என்று சங்கைக் கொண்டுவந்து பெருமையாகப் புகட்டிக் காட்டினார். மிஸ்ஸி சங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். நான் சொன்னதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, இன்றைக்கே போ என்றார்.

"முப்பது நாள் முடியாம பச்சைப் பிள்ளையோட வாசப்படி தாண்டக் கூடாது," என்று அண்ணி கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "பத்து நாள்தானே? முப்பது கும்பிட்டுட்டுப் போ."

"அது வரைக்கும் இவ இருப்பான்னு நீங்க எழுதிக் குடுக்கிறீங்களா அண்ணி?" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கணவர் கார் சாவியை எடுத்தார். அண்ணி கதவை விட்டு விலகினார், அவரே பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்களோடு இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு தமிழ் டாக்டரம்மா. பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து உட்கார வைப்பது போல இழுத்தார், தலை பின்னாலேயே தொங்கியது. பாதாம் பருப்பு வடிவக் கண், மெல்லிய மேலுதடு, சின்னக் கை, சின்னக் கால் என்று பக்கத்தில் இருந்தவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் ஏற்கெனவே பார்த்துவைத்தவைதான் பாதி. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வரப் பல வாரம் ஆனது. அதற்குள் உறவுக்காரர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு மைக்ரோஸ்கோப்பைப் பார்த்ததுதான் என்று அண்ணியும் சொன்னார். நான் வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூட மெதுவாக வைக்கவில்லை.

முடிவு வந்தது. பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. நோயின் பெயரை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமில்தான் அந்தத் துண்டு இல்லை, ஆனால் அது யார் தப்பும் இல்லை, தானாக நடப்பது என்றார் டாக்டரம்மா. அண்ணி தரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

பிறகு டாக்டரம்மா சொன்னதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. "இப்ப பால் குடிக்க மாட்டேங்கிறா. இன்னும் சில வருஷத்துல இவளுக்குப் பசி அடங்காது. எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நெறைஞ்சது மூளைக்குத் தெரியாது. நீங்கதான் நிறுத்தணும்மா."

"விளையாடுறீங்களா டாக்டர்?" என்றேன். ஒரு சொட்டுப் பாலை இறக்க நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன், அவர் சோற்றுப் பானையைப் பூட்டச் சொன்னார். அன்று அவரை நான் வெறுத்தேன்.

இப்போது மகளுக்கு நாலு வயது. இரண்டரை வயதில் நடந்தாள். கிளினிக்குக்கும் பயிற்சிக்கும் அண்ணிதான் என்னைவிட ஒழுங்காகக் கூட்டிப்போகிறார். அவளைச் சாப்பிட வைக்க நாங்கள் படாத பாடு இல்லை. நான் மட்டும் அவள் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டே இருந்தேன். குறைவாகச் சாப்பிட்டால் பயம், மீதி வைக்காவிட்டாலும் பயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி பருப்பும் சோறும் பிசைந்து கொடுத்தார். மகள் எல்லாவற்றையும் தின்றாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி, "இன்னும்," என்றாள்.

மூத்தவன் கை தட்டினான். என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேக்குறா பாரு! என் தங்கம், வாயைத் தொறந்து கேக்குறா பாரு!" என்று கரண்டியை எடுத்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் அண்ணி." அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

மகள் தட்டை இறக்கவே இல்லை. என் பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் சோறு அது. நான்தான் பானையை மூடினேன்.