பத்தாவது அட்மிஷன்

தனியார் மெட்ரிக் ஸ்கூல் டீச்சருக்கு மே மாதம் லீவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கேன்வாஸ் மாதம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். விருத்தாசலத்தில் மூலைக்கு ஒரு மெட்ரிக் ஸ்கூல் முளைத்த அந்த இரண்டாயிரங்களில், எங்கள் கரஸ்பாண்டன்ட் போட்ட சட்டம் இது: பத்து அட்மிஷன் கொண்டுவந்தால் ஜூனில் வேலை, இல்லையா, வீட்டிலேயே இருந்துகொள். உங்களில் எத்தனை பேர் இப்படிச் சீரழிந்தீர்களோ!

வாசல் வரை

பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்பு விவசாயி. கம்ப்யூட்டர், இங்கிலீஷ், ரிசல்ட் என்று தொண்டை வறளப் பேசினேன். மனுஷன் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாம் கெடக்கட்டும் டீச்சர், வேனு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குமா? எதிர்வூட்டுக்காரன் பாக்கணும்."

இரண்டு வருஷம்

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பையன். அரசுப் பள்ளியில் மூன்றாவது முடித்தவன். பேப்பரை நீட்டினேன், தமிழில் கடகடவென்று படித்தான். சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கும்பிடு போடலாம். எங்கள் ஸ்கூலிலோ இங்கிலீஷ் வராத பிள்ளையைக் கீழ் வகுப்பில்தான் போடுவார்கள். நாலாவது போக வேண்டியவன் மறுபடி இரண்டாவதில் உட்கார வேண்டும் என்று வயிறெரிந்து சொன்னேன். அவன் அப்பா சிரித்தார். "ரெண்டு வருஷம் போனாப் போவுது டீச்சர், டை கட்டி ஷூ போட்டுக்கிட்டுப் போவட்டும்."

அக்கா எழுதிய பாரம்

மே முடிய இரண்டு நாள். ஒன்பது சேர்ந்துவிட்டது. பத்தாவதுக்கு, பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குப் போனேன். பையனை ஒண்ணாவதில் சேர்க்கச் சம்மதித்தார்கள். இருவருக்கும் எழுத வராது. ஐந்தாவது முடித்த மகள்தான் பாரத்தை நிரப்பினாள். இங்கிலீஷ் எழுத்து அச்சு மாதிரி இருந்தது. அசந்துபோனேன்.

"இவள ஆறாவதுல சேத்துவுடுங்கம்மா, எங்கியோ போயிடுவா" என்றேன்.

"அவ எங்ககூடக் கம்பெனிக்கு வரா டீச்சர், பொம்மையில பிசிறு தேய்க்க. அப்பத்தான் இவனுக்கு பீஸு கட்ட முடியும்" என்றாள் அந்த அம்மா.

பாரத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே! வெட்கங்கெட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "எல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துக்குங்க டீச்சர், தம்பிக்கு எடம் கெடைக்காமப் போயிடப் போவுது."

ஊர் ஊராகப் படிப்பின் அருமையைச் சொன்ன புண்ணியத்தில், ஜூன் மாதம் எனக்கும் வேலை இருந்தது, அந்தப் பெண்ணுக்கும் வேலை இருந்தது.