வலைக்குக் குண்டு கேட்ட அப்பா

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மேருவில் பட்டறை, கிள்ளானில் இரண்டு வீடு, நாலு லோரி, எல்லாம் இந்தக் கைகள் எழுப்பியவை. நேற்று பட்டறையில் பேரன் தூண்டிலுக்கு ஈயம் உருக்கினான். “நாத்தம்லா தாத்தா, தள்ளி நில்லுங்க” என்றான். நான் நகரவில்லை.

கிள்ளான் ஆற்றோரப் பலகை வீட்டில் அப்பா பால் டின்னில் ஈயம் உருக்கி, வலைக்குக் குண்டு வார்ப்பார். அச்சு உடைந்ததும் பாசார் சந்தையில் போய், தெரிந்த அரைகுறை மலாயில் ‘பெலுரு’ அச்சு கேட்டார். வலையில் கட்டுவதும் துப்பாக்கியில் போடுவதும் தமிழில் குண்டுதான். மலாயில் பெலுரு துப்பாக்கிக்கு மட்டும். ஊரடங்குச் சமயம். போலீஸ் பிடித்துப்போனது.

“பென்டேக்கா?” என்று கேட்டார்கள். பென்டேக் என்றால் குட்டை; குட்டை ரிவால்வருக்கா என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு வேண்டியது குட்டைக் குண்டு. “ஆமா துவான், பென்டேக்தான்” என்று தலையாட்டினார்.

அண்ணன் கட்டிலடியில் ஒளிந்துகொண்டார். சின்னவன் நான்தான் வலையைச் சுமந்துபோய் ஸ்டேஷன் தரையில் விரித்து, குண்டில்லாத ஓரத்தைக் காட்டினேன். விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அப்பா பாசாரில் வாய் திறக்கவே இல்லை. சாகும்வரை விரலால் காட்டித்தான் எதையும் வாங்கினார்.

இப்போது அண்ணன் மகன் குடும்ப மலரில், தாத்தாவை மீட்டது தன் அப்பா என்று எழுதியிருக்கிறான். மலரை அச்சடிக்கும் தம்பி, அதைத் திருத்தி என் பெயரைப் போடு. ஸ்டேஷனிலிருந்து வீடுவரை அப்பா என் கையை விடவே இல்லை, அது எனக்குத்தான் தெரியும்.