சஹனில் ஆறாவது ஆள்

தொலைபேசி அடித்தால் புஹாரி நானா முதலில் ஸலாம் சொல்வார். அடுத்து, எதிர்முனையில் இருப்பவர் விஷயத்தைத் தொடங்கும் முன்பே குரலைத் தாழ்த்தி, "இன்னம் வெளிய வரல்ல. வந்தா ஒங்களுக்குச் செல்றேன்" என்பார். அழைத்தவர் கட்டிலின் அளவு சொல்ல அழைத்திருப்பார். மின்சாரப் பட்டியலை நினைவூட்டும் பதிவுக் குரலாகவும் இருக்கலாம். யாராயிருந்தால் என்ன? மாத்தளையில் ஒருவர் தன்னை அழைக்கிறார் என்றால், கல்லூரியின் அடுத்த உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் யார் என்று கேட்கத்தான் அழைக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அலுவிகாரையில், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கும் பெருந்தெருவின் ஓரத்தில் அவருடைய மெத்தைக் கடை இருக்கிறது. இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, தொட்டில் மெத்தை எல்லாம் தைத்துக் கொடுப்பார். தாடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருப்பதால் உள்ள வயதைவிடப் பத்து வயது கூடத் தெரிவார். கடை வாசலில் மாதிரிக்காகப் போட்ட இரட்டை மெத்தை ஒன்று உண்டு. அதில் மெத்தை வாங்க வந்தவர்கள் உட்கார்ந்ததைவிடப் பந்தாட்டம் பேச வந்தவர்கள் உட்கார்ந்ததுதான் அதிகம். நடுவில் நன்றாகவே குழிவிழுந்துவிட்டது. யாராவது அதற்கு விலை கேட்டால், "அது விக்கிறதுக்கில்ல, கூட்டம் நடக்குற எடம்" என்று சொல்லிவிடுவார்.

கல்லூரிக்குப் பந்து நன்றாக வரும். பயிற்றுவிப்பாளர்கள்தான் நிலைப்பதில்லை. ஒருவர் தோற்றதற்காகப் போனார். அடுத்தவர் வென்றதற்காகப் போனார். வென்ற கையோடு வேறொரு பாடசாலை கொத்திக்கொண்டு போய்விட்டது. மூன்றாமவர் ஏன் போனார் என்று கேட்டால் பழைய மாணவர் சங்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாற்காலி காலியாகும்போதெல்லாம் புஹாரி நானாவின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். மனைவி மஸீஹா இதற்கு ஒரு அளவுகோலே வைத்திருக்கிறாள். "இண்டைக்கு ரெண்டாவது முற சோறு கேட்டாரு. கோச் போயிட்டாரு போல" என்பாள்.

செய்தி சேகரிப்பது ஜெயக்காந்தனின் வேலை. பஸ் நிலையத்தில் ஓட்டோ ஓட்டுபவர். வெளியூர் ஆள் யார் வந்திறங்கினாலும் முதலில் அவன் காலைப் பார்ப்பார். "நானா, ஒருத்தன் எறங்குனானுங்க. கெண்டக்கால பாத்தா கோச் மாதிரியே இருக்குங்க" என்று அடுத்த ஓட்டத்தை விட்டுவிட்டு அலுவிகாரைக்கு வந்துவிடுவார். இப்படித்தான் கழுத்தில் விசில் தொங்கிய ஒருவரைப் புஹாரி நானா பகிரங்கமாக அறிவித்தார். அவர் பஸ்களை வரிசையாக விடும் ஆள். மைதானத்தை நாடாவால் அளந்துகொண்டிருந்த இன்னொருவரை, "அந்த ஆள்ட நடையே வேற" என்று மெச்சினார். அவர் பந்தல் போட வந்தவர். இவையெல்லாம் வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஊரில் தலை காட்ட முடியாது. புஹாரி நானாவோ, "வாற ஆள மறைக்கத்தான் இவங்கள அனுப்புறாங்க" என்று அதையும் ஒரு செய்தியாக்கிவிட்டார்.

அவருடைய பெயரை உண்மையில் நிலைநிறுத்தியது சஹன் கணக்கு. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெரிய தட்டில் புரியாணியைக் குவித்து, மேலே கோழியை அடுக்கி, மூடி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் சஹன். சுற்றிவரப் பாயில் ஆறு பேர் அமர்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஆறு பேர் சேரும்வரை மூடியைத் திறக்க மாட்டார்கள். கல்லூரி அதிபரின் சஹனில் புதிய முகம் யாராவது அமர்ந்தால், அவர்தான் அடுத்த பயிற்றுவிப்பாளர் என்பது புஹாரி நானாவின் கண்டுபிடிப்பு. "கந்தோர் மேசைல பேசுறது வேற. ஒரே சஹன்ல கைய வெச்ச ஆளுக்கு யாராலயும் பிறகு இல்லண்டு செல்ல ஏலாது" என்பார். கம்பளைக்காரர் ஒருவர் விஷயத்தில் இது பலித்தும் விட்டது. அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் ஊரே மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதிபரின் சஹனைத்தான் எட்டிப் பார்த்தது.

இந்த முறை நாற்காலி காலியாகி இருந்தபோது, சங்கச் செயலாளரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. புஹாரி நானா புதுச் சாரம் கட்டி, தாடியில் இருந்த பஞ்சை மஸீஹாவைக் கொண்டு பொறுக்கச் செய்து, மண்டபத்தில் ஒரு தூணோரம் இடம் பிடித்தார். அதிபர் அமர்ந்தார். சங்கத்தார் இருவர் அமர்ந்தார்கள். விளையாட்டு ஆசிரியரும் பள்ளிவாசல் தலைவரும் வந்து சேர்ந்தார்கள். ஆறாவது இடம் காலி. வாசலில் வாட்டசாட்டமான ஒரு அந்நியன், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல நின்றான். புஹாரி நானா அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அவன் நகரவில்லை. மூடிய சஹனைச் சுற்றி ஐந்து பேரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பரிமாறும் பொறுப்பு புஹாரி நானாவின் மச்சினன் அம்ஹருக்கு. ஆள் குறைந்த சஹன் என்றால் அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிடும்.

"மச்சான், ஒராள் கொறையுது. இருங்க."

"கொஞ்சம் பொறு. நான் பாத்துட்டு ஈக்கேன்."

"இருந்துட்டுப் பாருங்க" என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டான்.

மூடி திறந்தது. புஹாரி நானா அப்போதும் தலையைத் திருப்பி வாசலையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த அந்நியன் உள்ளே வந்து, மண்டபத்தின் பின்பக்கம் போய், ஜெனரேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஓடவிட்டான். 'அப்படியானால் ஆறாவது ஆள் யார்?' என்று புஹாரி நானா தட்டைச் சுற்றியிருந்த கைகளை எண்ணினார். கோழித்துண்டைப் பிடித்திருந்த ஆறாவது கை தன்னுடையதாக இருந்ததைக் கண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

அடுத்த சஹனில் இருந்த ஜெயக்காந்தன் அதற்குள் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டாயிற்று. "ஆறாவது ஆளப் பாருங்க. சும்மாவா இவ்வளவு நாளா வாயத் தெறக்காம இருந்தாரு" என்று ஒரு வரி வேறு. கடைசி இனிப்பான வட்டிலப்பம் வரும் முன்பே இரண்டு பேர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மெத்தைக் கடையில் இருக்க இடமில்லை. ஒரு தகப்பன், தன் மகனைக் கோல் காப்பாளனாகப் போட வேண்டாம், அவனுக்கு நிமோனியா வந்து தேறிய உடம்பு என்றார். யட்டவத்தையில் இருந்து ஒருவர் பலாப்பழத்தோடு வந்து இறங்கி, தன் பேரனுக்கு இடது கால் நன்றாக வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். புஹாரி நானா, "நான் இல்லங்க, சத்தியமா இல்ல" என்றுதான் தொடங்கினார். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடை முதலாளி அப்துல் ஸமத், கையில் ஒரு பிளேன்டீயோடு வந்து நின்று, நிதானமாகக் கேட்டார்: "அப்ப சஹன் கணக்கு பொய்யா நானா?"

அங்கேதான் சிக்கியது. ஆம் என்றால் இத்தனை வருடப் பெயரும் போச்சு. இல்லை என்றால் மைதானத்தில் போய் நிற்க வேண்டும். பந்தை அவர் கடைசியாக உதைத்தபோது கால் பெருவிரல் சுளுக்கி, ஒரு வாரம் நொண்டினார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் சொன்னது இதுதான்: "இன்னம் வெளிய வரல்ல."

சொல்லப்போனால் அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது. பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கிய ட்ராக்சூட் கால்சட்டையை அலுமாரிக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு திரும்பியபோது மஸீஹா வாசலில் நின்றாள்.

"கோச் சேர், மொதல்ல அந்தத் தேங்காய உரிச்சித் தாங்க" என்றாள்.

வேடிக்கை அத்தோடு முடிந்திருக்கும். மூன்றாம் நாள் அதிபரே அழைத்தார். புஹாரி நானா பழக்கதோஷத்தில், "இன்னம் வெளிய வரல்ல" என்றுவிட்டார்.

"வெளிய வாறதுக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்ல நானா" என்றார் அதிபர். "கிண்ணியாவுல இப்ஹாம்ண்டு ஒரு நல்ல கோச். பேசி முடிக்கிற நேரத்துல அவருக்கு உங்கட படம் போயிருக்கு. எடம் போயிட்டுண்டு ஒதுங்கிட்டாரு. நாங்க எவ்வளவு செல்லியும் நம்புறாரில்ல, மரியாதைக்கு மறைக்கிறோம்ண்டு நினைக்கிறாரு. நீங்களே பேசினாத்தான் சரி."

அன்று பின்னேரம் புஹாரி நானா மைதானத்துப் பக்கம் போனார். சொல்லித்தர ஆளில்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் முன்னால் ஆடினார்கள். கோல் காப்பாளனும் பந்தின் பின்னால் ஓடினான். எவனோ ஒருவன் தூரத்திலிருந்து சும்மா தட்டிய பந்து, ஆளில்லாத கோலுக்குள் மெதுவாக உருண்டு போனது. போட்டித் தொடருக்கு அதிக நாள் இல்லை. புஹாரி நானா கம்பி வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கல்லூரி ஆடிய ஆட்டம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தையே ஓர் அரையிறுதிக்காகத் தள்ளிவைத்தவர். தன் வாயால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கதி என்பது அவருக்கு உறைத்தது.

கடைக்கு வந்து, பின்னால் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அதிபர் தந்த எண்ணில் கிண்ணியாவுக்கு அழைத்துத் தன் பெயரைச் சொன்னார்.

"நீங்கதானே புதுக் கோச்?" என்றது மறுமுனைக் குரல். "எனக்குப் படம் வந்திச்சி. மாஷா அல்லாஹ், நல்லாச் செய்யுங்க நானா."

"இல்ல தம்பி. நான் மெத்த தைக்கிறவன்."

"பிறகு ஏன் அதிபர்ட சஹன்ல இருந்தயள்?"

"ஆள் கொறஞ்சிச்சி. என்ட மச்சினன் புடிச்சி இருத்திட்டான்" என்றார் புஹாரி நானா. பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிய்த்தார். "அந்தச் சஹன் கணக்கும் நான் கட்டின கததான் தம்பி. அதுல ஒண்டும் இல்ல. புள்ளைகள் பாவம். வாங்க."

மறுமுனையில் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு இப்ஹாம், வருவதாகச் சொன்னார். "ஆனா இங்க இன்னும் சொல்லல்ல. திங்கக்கிழமதான் கடிதம் குடுக்கப் போறன். முன்னுக்கே கத வெளிய போனா என்னய விடமாட்டாங்க, நானும் வரமாட்டன். ஆருக்கும் சொல்லப்படா நானா."

"வல்லாஹி, செல்ல மாட்டேன்" என்றார் புஹாரி நானா, முழுமனதோடு. தொலைபேசியைக் கீழே வைத்த பிறகுதான் தான் எதைச் சொல்வதில்லை என்று ஆணையிட்டோம் என்பது புரிந்தது. ஆயுளில் முதன்முறையாக அவரிடம் உண்மையான செய்தி ஒன்று வந்திருந்தது.

தன்னைப் பற்றி இப்ஹாமிடம் சொன்னதை அன்றே குழுவில் ஒரு குரல் பதிவாகவும் போட்டார். "நான் கோச் இல்ல. எடம் நெரப்பத்தான் என்ன இருத்தினாங்க. சஹன் கணக்க இனி யாரும் பாக்க வேணாம்." அதற்கு ஊர் என்ன பதில் போட்டது என்பதை இங்கே எழுதுவது அழகல்ல. மறுநாள் கூட்டம் எதிர்ப்பக்கம் மாறிவிட்டது. அப்துல் ஸமத்தின் தேத்தண்ணிக் கடையில், குருநாகலில் இருந்து ஒருவர் வரப்போகிறார் என்று அவரே அறிவித்தார். ஆதாரம் கேட்டால், தன் கடையில் பாண் வாங்கிய ஒருவரின் கெண்டைக்கால் என்றார். ஜெயக்காந்தன்கூட, "கோவிச்சுக்காதீங்க நானா, தேத்தண்ணி குடிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் புஹாரி நானா படாத பாடு பட்டார். குருநாகல் என்ற சொல் தெருவைக் கடந்து காதில் விழும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. மஸீஹாவுக்கே பயமாகப் போய், "டொக்டரக் காட்டுவமா?" என்றாள். "ஒண்டும் இல்ல" என்றார். அவளிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மெத்தைக்கு முகப்பு தைத்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கடைக் கூட்டம் முழுவதும் தெருவைக் கடந்து வந்தது. அப்துல் ஸமத் முன்னால் வந்து, குழிவிழுந்த மெத்தையில் உரிமையோடு உட்கார்ந்தார். ஜெயக்காந்தன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்றார்.

"குருநாகல் ஆள்தான். நாளைக்கு வாறாரு. உறுதி" என்றார் ஸமத். "உங்களுக்குத்தான் இனி ஒண்டும் தெரியாதே நானா. அதான் செல்லிட்டுப் போகலாம்ண்டு வந்தோம்."

புஹாரி நானாவின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் தானாகத் திறந்தது. கூட்டம் முழுவதும் ஓரடி கிட்டே வந்தது. அவர் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நீளமான மெத்தை ஊசியைக் குறுக்காக உதடுகளுக்கு நடுவே வைத்து, பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, அடுத்த தையலுக்கு நூலை அளக்கத் தொடங்கினார்.