எதிர் வீட்டு சோபா

எங்கள் வக்கீல் சங்கம் வருடாவருடம் ஒரு துண்டறிக்கை போடும். "உங்கள் குடும்பத்தில் நீங்கள்தான் முதல் வக்கீலா? சங்கத்தின் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே என் படம். கறுப்பு கோட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நான், பக்கத்தில் என் அம்மா. தாம்பரம் கோர்ட்டுக்குப் புதிதாக வருகிற பெண்கள் போனை நீட்டி, "அக்கா, இது நீங்கதானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

இல்லாத வீட்டிலிருந்து முதல் வக்கீலாக வருகிறவர்களுக்குச் சங்கம் கொடுக்கிற உதவித்தொகை இல்லையென்றால் நான் இன்று வக்கீல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லக் கூடாது. சங்கத்தில் உறுப்பினராக, நூலகத்தில் போய் உட்கார, ஒரு வருடம் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் கவலைப்படாமல் ஜூனியராக இருக்க அது வழி செய்தது. சீனியர்கள் ஜூனியருக்குக் கொடுப்பதை கோர்ட்டில் பெட்ரோல் காசு என்பார்கள். என் சீனியர் கொடுத்தது பெட்ரோலுக்குச் சரியாக இருந்திருக்கும், என்னிடம் வண்டிதான் இல்லை.

அப்பா கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. எப்போதும் நைட் டியூட்டி. அம்மா காலனியில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள். அப்பா வேலை பார்த்த அதே கட்டடத்தில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை ராத்திரி முழுக்கப் படித்துச் சரிபார்க்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. சட்டம் படித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே போனால் கோர்ட் வாசலை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். உதவித்தொகை வந்தால் கோர்ட், வராவிட்டால் கேளம்பாக்கம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. கோட்டைத் தோய்த்து மடித்து எந்தப் பெட்டியில் வைப்பது என்பதுவரை நான் யோசித்திருந்தேன்.

விண்ணப்பம் கொடுத்தேன். சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து வீட்டை நேரில் பார்ப்பார்கள் என்றார்கள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டைப் பாக்க வராங்கம்மா," என்றேன்.

"இன்னாத்துக்குடி வூட்டப் பாக்கணும்?"

"நம்ம நிலைமைய நேர்ல பாத்துட்டுத்தான் குடுப்பாங்களாம்."

அம்மா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரும்புலியூரில் நாங்கள் இருப்பது லைன் வீட்டில் ஒரு போர்ஷன். எங்கள் தெருவில் வெளியாட்கள் ஒரு வீட்டை வந்து பார்க்கிறார்கள் என்றால் ஒரே காரணம்தான், பெண் பார்ப்பது. அன்றைக்குத் தெருவே சேர்ந்து அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும். ஒருத்தி வீட்டு கர்ட்டன், இன்னொருத்தி வீட்டுக் கண்ணாடி டம்ளர், ஸ்டாண்ட் ஃபேன் எல்லாம் கேட்காமலே வந்து சேரும். வந்தவர்கள் போகிற வழியில் யாரை விசாரித்தாலும் தங்கமான குடும்பம் என்பார்கள். இதையெல்லாம் யாரும் பேசிவைத்துக்கொள்வதில்லை. நானே இரண்டு வீட்டுக்கு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன்.

சங்கத்துச் செயலாளரும், உதவித்தொகைக் குழுவில் இருந்த ஒரு பெண் வக்கீலும் வந்தார்கள். வழி காட்டுவதற்காக நான் முன்னாலேயே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் அவர்கள் கார் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தது. நான் கிளம்பும்போது எங்கள் ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய், டியூட்டி முடித்து வந்து அந்தப் பாயில் படுத்திருந்த அப்பா, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அப்பாவைக் காணோம். அவர் படுத்திருந்த இடத்தில் எதிர் வீட்டு அக்காவின் சோபா இருந்தது.

பிரவுன் ரெக்சின் சோபா. பிளாஸ்டிக் உறையைக்கூட அக்கா இன்னும் பிரிக்கவில்லை. செயலாளர் உட்கார்ந்ததும் அது கிறீச்சென்றது. ஜன்னலில் பூப்போட்ட கர்ட்டன் தொங்கியது, மூலையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் சுற்றியது. ஆணியில் எப்போதும் தொங்கும் அப்பாவின் யூனிஃபார்மைக் காணவில்லை. அம்மா என்னை உள்ளே இழுத்து என் தலையில் மல்லிகைப்பூவை வைத்தாள், கையில் தட்டைக் கொடுத்தாள். தட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. இரண்டு வக்கீல்களுக்கு முன்னால் தலை நிறையப் பூவோடு தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"சோபா புதுசு போல இருக்கே?" என்றார் செயலாளர்.

"போன தீபாளிக்கு எடுத்தது சார்," என்றாள் அம்மா. எடுத்தது போன தீபாவளிக்குத்தான். யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"கேளம்பாக்கத்துல சாஃப்ட்வேர் கம்பெனில கீறாரு சார்."

அப்பா அந்நேரம் எதிர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற தாயை விருந்தாளிகளுக்கு முன்னால் வைத்து இது பொய் என்று எப்படிச் சொல்வது? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது. அந்த சோபாவில் அவர்கள் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பாயில் உட்கார வைக்காமல் தப்பித்தோமே என்று.

வாசலில் எதிர் வீட்டு அக்கா காத்திருந்தாள். கேட்காமலே ஆரம்பித்தாள். "தங்கமான குடும்பம் சார். ஒரு கொறையும் கெடையாது." செயலாளர் தலையாட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

அன்றைக்கு நானும் அம்மாவும் போட்ட சண்டையில் அப்பா எதிர் வீட்டிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"நாம இல்லாதவங்கன்னு காட்டணும்மா. அதுக்குத்தான் வந்தாங்க."

"இல்லாதத எப்டிடி காட்டறது?" என்றாள் அம்மா. "நாலு பேர் வர்றப்ப வூட்ட நல்லா வெச்சிக்கினா தப்பா? படிச்சவங்க வர்ற எடத்துல பாயப் போட்டு உக்கார வெக்க சொல்றியா?"

பூவைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"அப்ளிகேஷன்ல அப்பா செக்யூரிட்டின்னு போட்டிருக்கீங்க. அம்மா சாஃப்ட்வேர் கம்பெனிங்கறாங்க. வீடும் நல்லாத்தான்மா இருக்கு. வக்கீலாகப் போற பொண்ணு, பொய்யா எழுதிக் கொடுக்கலாமா?"

"சார், வருமானச் சான்றிதழ் வெச்சிருக்கேனே சார்."

"அது யார் வேணும்னாலும் வாங்கிடறாங்கம்மா. முன்னே ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு, அப்புறம் பார்த்தா வண்டலூர்ல நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்காரு. அதுக்காகத்தான் நேர்ல வர்றதே."

மற்றவர்களுக்காக வாதாடப் படித்தவள் நான். எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "சோபா எங்களுது இல்ல சார். எல்லாமே இரவல்," என்றேன். அவர் என்னை நம்பினாரா, அதுவும் ஒரு பொய் என்று நினைத்தாரா தெரியவில்லை. இன்னொரு தடவை பார்த்துவரச் சொல்கிறேன், அதுதான் கடைசி என்றார். அங்கே போய் இப்படிச் சொன்னேன் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இந்தத் தடவை அந்தப் பெண் வக்கீல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். வீடு வீடாக இருந்தது. பாயில் அப்பா, காக்கி பேண்ட்டைக்கூட மாற்றாமல் அசந்து தூங்கினார். ஆணியில் யூனிஃபார்ம் சட்டை. பெண் வக்கீல் உட்காரவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த சோபா எங்கே?" என்றார்.

நான் எதிர் வீட்டைக் காட்டினேன். அவர் தெருவைத் தாண்டிப் போனார். பின்னாலேயே நானும் போனேன். என்னவென்று புரியாமல் அம்மாவும் ஈரக்கையோடு வந்தாள். சனிக்கிழமை காலை, குழாயடியில் பாதித் தெரு நின்றிருந்தது.

சோபா கதவுக்கு நேராகவே கிடந்தது. பெண் வக்கீல் அக்காவிடம் கேட்டார். "இது உங்களுதுதானே?"

அக்கா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இல்ல மேடம். தோ, இந்த அக்காவுது. அவங்க வூட்ல எடம் பத்தலன்னு இங்க போட்டு வெச்சிக்கீது."

சொல்லிவிட்டு சோபாவிலிருந்து ஒதுங்கி வேறு நின்றாள், தன்னுடையதே இல்லை என்பதுபோல. அவள் வீட்டுக்காரர் தவணையில் வாங்கியது அது. இன்னும் கட்டி முடியவில்லை. அதை எங்களுக்காக ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பெண் வக்கீல் பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தார். திருடியைப் பார்க்கிற மாதிரிகூட இல்லை. வேறு நல்ல பெண்ணுக்குப் போக வேண்டியதைக் கெடுத்தாயே என்கிற மாதிரி. "சரி, நான் சார்கிட்ட சொல்லிடறேன்," என்று திரும்பினார்.

"மேடம்," என்றாள் அம்மா.

அப்போதுதான் அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது என்று நினைக்கிறேன். இவர் எதற்கு வந்தார், நான் சங்கத்தில் போய் என்ன சொல்லியிருப்பேன், எல்லாம்.

"அது அவளுது மேடம். அவ வூட்டுக்காரர் வாங்கியாந்தது. அன்னிக்கு மாட்னது மேல் போர்ஷன் கர்ட்டனு. ஃபேனு கடைசி வூட்டுது. டம்ளரு, தட்டு எல்லாம் இவங்களுது." குழாயடிப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க வூட்ல இன்னா கீதோ அத்த இப்ப பாத்தீங்க. அவரு வாட்ச்மேன் வேலை. நான் வூட்டு வேலை. எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. அம்மாவின் குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது, மெதுவாகச் சொல்ல அவளுக்கு வராது.

"ஏன்க்கா இப்டி சொல்ற?" என்று அக்கா அழுதேவிட்டாள். "நான்தான் சொல்லிக்கினு கீறேன் இல்ல?"

"இல்லன்னு நம்ம வாயாலயே சொன்னாத்தான் குடுப்பாங்களாம்டி," என்றாள் அம்மா.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால்காரன் நாளைக்கு வரமாட்டானாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். என் படிப்புக்காக அவள் எத்தனையோ செய்திருக்கிறாள். ஆனால் இத்தனை வருடம் அந்தத் தெருவில் அவள் கட்டிக் காத்த ஒன்று இருந்ததே, அதை நான்தான் கொண்டுவந்து குழாயடியில் போட்டுடைத்தேன்.

உதவித்தொகை கிடைத்தது. கேளம்பாக்கம் போகவில்லை.

சிட்டியில் ஒரு மண்டபத்தில் சாயங்காலம் நடந்த, அதைக் கொடுக்கிற விழாவுக்குப் பெற்றோரோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு நைட் டியூட்டியில் லீவு கிடைக்கவில்லை. அன்று காலை அக்கா தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நின்றாள். அம்மா வாங்கி, ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம்டி," என்று திருப்பிக் கொடுத்தாள். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற நூல் புடவையில் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், சானடோரியம் தாண்டியதும் காதில் கையை வைத்தாள். ஒரு தோட்டைக் கழற்றினாள், பிறகு இன்னொன்றை. என் கையில் வைத்து, "பையில போட்டு வை," என்றாள்.

"ஏன்மா? இது கவரிங்தானே."

"நமக்குத் தெரியும். அவங்களுக்கு எப்டி தெரியும்? தங்கம்னு எழுதிக்கினாங்கன்னா?"

என் காலேஜ் ஃபீஸுக்காகத் தங்கத் தோட்டை அடகு வைத்த அன்றைக்கு, அடகுக் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் வந்தவள் அம்மா. மூளிக்காதோடு ஒருத்தி வெளியே வருவாளா என்பாள். இனிமேல் யாரும் எதையும் எழுதமாட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது, போட்டுக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் பயமாக இருந்தது. பஸ்ஸில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தோட்டை ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மேடையில் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதுதான் துண்டறிக்கையில் வருகிற படம். அம்மா மூளிக்காதோடு நேராகப் பார்க்கிறாள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தோளில் தொங்குகிற என் பையில் அந்தத் தோடு இருக்கிறது.