பச்சை பாட்டிலுக்குள் ஒரு குளம்

மார்கழியிலும் என் நாக்கில் சித்திரை வெயில்தான். நரம்பு வலிக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து வாய் வறண்டுபோகிறது. நாலு வார்த்தை பேசினால் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். கலர் சோடா குடித்து முடித்த பச்சை பாட்டில் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். வாய் வைத்து உறிஞ்சுவேன், குறையக் குறைய நிரப்புவேன். கழுவியதே இல்லை. தண்ணீர்தானே!

அந்த மாதம் வயிறு ஓயாமல் கலங்கியது. அண்ணன் வீட்டு மதினியின் கத்திரிக்காய்க் குழம்பின் மேல் பழியைப் போட்டு, அவர் வீட்டில் கை நனைப்பதையே நிறுத்தினேன். மதினி பேச்சை நிறுத்தினார்.

ஒருநாள் கன்னிவாடி பஸ்ஸில், பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தண்ணீர் கேட்டார். அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். பச்சையாக ஒரு நூலும் சேர்ந்து இறங்கியது.

"ஏப்பா, பாசியில்ல வருது! உள்ள மீனு வளக்குறியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் இறங்கி நேரே மதினி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"கொழுந்தனாரே, இம்புட்டு நாளு என் கொழம்பத் தூத்துனீகல்ல? ரெண்டு கரண்டி சேத்து ஊத்துறேன், உக்காருங்க."

இப்போது கை நுழைகிற எவர்சில்வர் தூக்கு வைத்திருக்கிறேன். தினமும் தேய்த்துக் கவிழ்த்து, காய்ச்சி ஆறிய நீர் நிரப்பி, சின்ன டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறேன். நாக்கில் வெயில் அப்படியேதான் இருக்கிறது. வயிற்றில்தான் மழை விட்டுவிட்டது.